சும்மா கிடக்கும் நிலம்

தார்ப்பாயை உருவியதும் கிளம்பிய தூசியில் அவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்காக ஷெட்டில் கிடந்த டிராக்டர். பேட்டரியை முந்தின நாளே கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வாங்கி வந்திருந்தார். "என்ன சும்மா முதலாளி, மறுபடியும் வெள்ளாமையா?" என்று பேட்டரிக் கடைக்காரர் கேட்டபோது, "சும்மாதான்" என்று வாய் தவறி வந்துவிட்டது. கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது நிலத்தால். மனைவி இறந்த வருஷம், ஆற்றங்கரைப் பள்ளத்து நிலம் முழுவதையும் அரசாங்கத் திட்டத்தில் சேர்த்தார். உழக்கூடாது, மருந்தடிக்கக்கூடாது, மாடு விடக்கூடாது. புல்லும் நாணலும் அதுபாட்டுக்கு வளரவேண்டும், பறவைகள் வந்து தங்கவேண்டும். அதற்காக வருஷா வருஷம் பணம் வரும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது வெளியூரில் வேலையில் இருக்கும் மகன். "சும்மா இருக்கறதுக்குக் காசு குடுக்கறாங்கப்பா. ஒத்தை ஆளா எத்தனை நாள் மல்லுக்கட்டுவீங்க? கையெழுத்தப் போடுங்க." போட்டார். தப்பென்று இன்றுவரை தோன்றவில்லை. இடுப்பு வலி குறைந்தது. மழை பொய்த்தாலும் தூக்கம் கெடவில்லை.

ஆனால் நிலத்தோடு சேர்ந்து மனிதர்களும் நின்றுபோவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. களையெடுக்க வந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் வேறு காடுகளுக்குப் போய்விட்டார்கள். கடனுக்கு உரம் கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் உரக்கடைக்காரரின் மூஞ்சியைப் பார்த்தே நாளாயிற்று. வாய்க்கால் தண்ணீருக்காக அவர் சட்டையைப் பிடித்த பக்கத்துக் காட்டுக்காரர்கூட இப்போது தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார். சண்டை போடவும் ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறதே. சில நாள் சாயங்காலம் ரேடியோக்காரன் "வணக்கம்" சொன்னதற்குப் பதில் வணக்கம் சொல்ல வாயெடுக்கும்போதுதான், காலையிலிருந்து தான் பேசவேயில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் விலக்கு. பறவை மேடம் வருகிற நாள். திட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கும் அந்தம்மா கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு நாணலுக்குள் மெல்ல நடப்பார். இவர் பின்னாலேயே போவார். கூடு கண்ணில் பட்டால் இருவரும் குந்தி உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவார்கள். வேலை முடிந்ததும் இவர் போட்டுத் தரும் டீயைக் குடித்துக்கொண்டே மேடம் தன் மூட்டு வலியையும், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் மகளையும் பற்றிப் புலம்புவார். அந்த நாளுக்காக இவர் முடி வெட்டிக்கொள்வது ஊருக்குத் தெரியாது.

இந்த வருஷம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இனி நேரில் யாரும் வரமாட்டார்கள், வானத்திலிருந்து எடுக்கும் படங்களைப் பார்த்தே நிலத்தைக் கண்காணிப்பார்கள் என்றது புதுக்குரல் ஒன்று. "நல்லதுதானேப்பா, தொந்தரவு விட்டுச்சு" என்றான் மகன். "ஆமாமா" என்றார் அவர். இரண்டு நாள் கழித்துத்தான் தார்ப்பாயை உருவினார்.

மேற்கு மூலையில், வரப்பை ஒட்டி ஒரு துண்டு நிலம். முதலில் இறங்கி நடந்து, கூடு ஏதும் இல்லையென்று பார்த்துக்கொண்டார். பிறகு கலப்பையை இறக்கினார். மண் கருப்பாகப் புரண்டு வந்தது. அதன் வாசனை ஏறியதும், ஏன் ஓட்ட வந்தோம் என்பதே சிறிது நேரம் மறந்துபோய், ஒரு சால் கூடுதலாகவே ஓட்டிவிட்டார்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. இறங்கியது பறவை மேடமேதான். ஆனால் சிரிப்பில்லை. நேராக மூலைக்குப் போய் உழுத மண்ணைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்களாய்யா? படத்துல பாத்துட்டு, யாரோ வெளியாள் பூந்துட்டான்னு நெனச்சு வந்தேன்."

"கூடு இல்லன்னு பாத்துட்டுத்தாம்மா ஓட்டுனேன்."

"அதக் கேக்கல. ஏன் ஓட்டுனீங்க?"

வாய்வரை வந்தது. நீங்க வரணும்னுதான் என்று சொல்லிவிடலாம். அறுபதைத் தாண்டிய ஆள் ஒரு பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அது வேறு மாதிரி அல்லவா விழும்?

"டிராக்டர் ஓடுதான்னு பாத்தேன்."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். புதிதாக வெட்டிய முடியில் அந்தப் பார்வை ஒரு கணம் நின்றது போலிருந்தது. "இந்த வருஷப் பணம் நின்னுடும்யா. என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார், குரல் இறங்கி.

"நிக்கட்டும்மா. டீ போடவா?"

வாசல் திண்ணையில் உட்கார்ந்து குடித்தார்கள். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று இவர் கேட்டார். ஹாஸ்டலில் சேர்த்தாயிற்றாம், வீடே வெறிச்சென்று இருக்கிறதாம். "இப்ப நாள் முழுக்க ஸ்கிரீன் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். வயலு, வயலு, வயலு. ஆளுங்களே தெரிய மாட்டாங்க. உங்க நிலம் வந்தா மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாப்பேன். கூரை தெரியும். பக்கத்துல ஒரு மரம்."

"வேப்பமரம்."

"என்ன மரம்னு மேலேர்ந்து தெரியாது."

ஜீப்பில் ஏறும்போது மேடம் சொன்னார்: "புல்லு திரும்ப வந்துச்சான்னு அடுத்த வருஷம் ஒருத்தர் நேர்ல வந்து பாக்கணும். அது விதி."

"நீங்களா?"

"தெரியலய்யா. யாரப் போடுவாங்களோ."

வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நின்றிருந்துவிட்டு அவர் மூலைப் பக்கம் நடந்தார். உழுத மண்ணில் கொக்குகள் இறங்கியிருந்தன. நாணலைத் தேடி வரும் பறவைகள் வேறு. இவை டிராக்டரின் பின்னாலேயே வந்து புழு பொறுக்குகிறவை, இத்தனை வருஷமாக இந்தப் பக்கமே தலைகாட்டாதவை. ஒன்று தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. கிட்டே போனால் பறந்துவிடும். அவர் வரப்பிலேயே நின்றுகொண்டார். வெயில் சாயச் சாய அவருடைய நிழல் நீண்டு போய், கொக்குகளுக்குப் பின்னால் அசையாமல் கிடந்தது.