ஞாயிற்றுக்கிழமை அளந்த தெரு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வாடகை வீட்டுப் படிவம் ஒன்றின் ஒன்பதாவது கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது. 'இந்தப் பகுதியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? இரண்டு வரிகளில் எழுதவும்.' நான் என் முகவரியையே இரண்டு வரிக்குள் அடக்கத் தெரியாதவன். 'அமைதியான சூழல்' என்று எழுதினேன். பொய் மாதிரித் தெரிந்தது, அடித்தேன். 'பள்ளிக்கூடம் பக்கம்' என்று எழுதினேன். பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை. மூன்றாவது தாளை இணைத்தபோது, அடித்தல் திருத்தல்களுக்கு நடுவே ஓர் ஆள் ஸ்டாப்வாட்சும் கையுமாக நடந்துபோய்க்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆள் மட்டும் என்னிடமே தங்கிவிட்டான்.

அவன் நான் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தக் கதையை என் வீட்டில் ஒருத்தி படிப்பாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"பொழுது புலர்ந்தது. புதிய நகரம் தன் கரங்களை அகல விரித்து அவனை—"

[நகரத்துக்குக் கரங்கள் கிடையாது. இருந்திருந்தால் பீரோ இறக்கும்போது ஒரு கை பிடித்திருக்கும்.]

இரண்டாவது:

"இடமாற்ற உத்தரவைக் காட்டியபோது மனைவி எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தில் ஒரு—"

[அப்பட்டமான பொய். பேசினாள்.]

பேசியது இது:

"இது நாலாவது ஊரு. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. நீங்க முன்னாடி போய் எந்த ஏரியான்னு பாத்து வைங்க. அப்புறம் நானும் பாப்பாவும் வந்து பாக்குறோம். மனசுக்குப் பிடிச்சா மூணு பேரும் போவோம். பிடிக்கலன்னா நீங்க மட்டும் போங்க. நாங்க இங்கயே இருந்துக்குறோம்."

"என்ன, மிரட்டுறியா?"

"மிரட்டுறதா இருந்தா சத்தமாச் சொல்லியிருப்பேன்."

இவ்வளவுதான் கதை. அவன் சரியான பகுதியைப் பிடித்தால் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். இல்லாவிட்டால் அவன் ஒற்றை அறையில், ஒற்றைத் தட்டோடு இருப்பான். மீதியெல்லாம் நான் வளவளவென்று பேசுவது.

3

அவனுக்கு வேலை, நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது. எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதுபவன். (வண்டி அப்படி வராது. அது அவன் குற்றமில்லை.) அவள் பல் செட் செய்பவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, ஊரார் வாய்க்குப் பல் வார்ப்பாள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பட்டறையில் சேர்ந்து, அங்கே நல்ல பெயர் எடுக்கும் நேரத்தில் மூட்டை கட்டியிருக்கிறாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் என்ன பெயரோ, வீட்டில் அவள் ஆடிட்டர். அப்பாவின் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அவன் பகுதி தேடிய விதம் தொழிலுக்குத் தகுந்த மாதிரி இருந்தது. மூன்று பகுதிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்தான். பதினான்கு கட்டங்கள் போட்டான். வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம், மருந்துக் கடை, பள்ளி, பால். கழிவுநீர் வாடை, நாய்கள், தெருவிளக்கு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண்.

அட்டவணையை அலைபேசியில் அனுப்பினான். பத்தே நிமிடத்தில் அவள் கூப்பிட்டாள்.

"எல்லாம் இருக்கு. ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்னது?"

"புது ஊருன்னா முதல் மாசம் நான் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுவேன்ல. அங்க தண்ணி வேகம் எப்படி?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பதினைந்தாவது கட்டம் ஒன்றை வரைந்து, தலைப்பு எழுதத் தெரியாமல் அப்படியே விட்டான்.*

* இந்த இடத்தில் என் வீட்டில் படித்தவள் தாளைக் கீழே வைத்துவிட்டு, "அவன் நீங்க இல்லதானே?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். துணிகள் வழக்கத்தைவிட இறுக்கமாக மடிக்கப்பட்டன.

4

வீட்டுத் தரகரை முதலில் திருடனாக எழுதினேன். பவுடர் பூசிய முகம், எண்ணெய் வழியும் சிரிப்பு. நான்கு வரி தாண்டுவதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. நான் பார்த்த தரகர்களில் ஒருவர், வீட்டைக் காட்டும் முன்பே ஒழுகும் குழாயைக் காட்டியவர். அவரையே உள்ளே கூட்டிவந்துவிட்டேன்.

"பொய் சொல்ல நமக்கு வராது சார்," என்றார் அவர். "அதான் இன்னும் சைக்கிள்ல வர்றேன்."

'இ' பகுதிக்கு அவன் போனது ஞாயிற்றுக்கிழமை. அவன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தடம் என்றால், முதலில் சாலை காலியாக இருக்கும் நாளில் வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். அதுதான் அடி நேரம். பிறகு வேலைநாளில் ஓட்டி, நெரிசலுக்காக எவ்வளவு கூட்டலாம் என்று பார்ப்பார்கள். பதினெட்டு வருடமாக அடுத்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவன் அவன். தன் குடும்பம் என்று வந்தபோது முதல் பாதியை மட்டும் செய்தான்.

தெரு நீளமாக, அகலமாக, கழுவித் துடைத்த மாதிரிக் கிடந்தது. இரண்டு பக்கமும் மரம். நிறுத்தத்துக்கு மூன்று நிமிடம் பத்து விநாடி. ஒரு ஹார்ன் இல்லை. அவன் எல்லாக் கட்டத்திலும் பத்து பத்தாகப் போட்டுக்கொண்டே வந்தான். கை தானாகவே போட்டது.

"நாளைக்குக் காலைல குடும்பத்தோட வர்றேன்," என்றான் தரகரிடம்.

"வாங்க சார். ஆனா பன்னெண்டு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருது. அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடணும்."

5

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவில் எட்டு கார்கள் இருந்தன. எட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

எட்டின் தலையிலும் எல் போர்டு. நகரத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளெல்லாம் ரிவர்ஸ் பழக்குவதற்குத் தேர்ந்தெடுத்திருந்த தெரு அது. நீளம், அகலம், நிழல். அவர்களுக்கும் பத்துக்குப் பத்து. ஞாயிறு மட்டும் விடுமுறை.

அவன் தரகரைப் பார்த்த பார்வையில் சைக்கிளின் பெயின்ட் உரிந்திருக்கும்.

"நீங்க கேக்கலயே சார்," என்றார் அவர். "குனிஞ்சு வாட்சையே பாத்துட்டு இருந்தீங்க. ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன்."

"ப்பா," என்றாள் ஆடிட்டர், "சத்தத்துக்கு எத்தனை போட்டீங்க?"

"பத்து."

"திரும்பத் திருத்துங்க."

ஒரு கார் இரண்டு கூம்புகளுக்கு நடுவே நுழைய முயன்று, இருமி நின்றது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தார்: "கிளட்ச்சை வெடுக்குனு எடுக்காதம்மா! பச்சப்புள்ளைய எறக்கிவிடுற மாதிரி எடு!" உள்ளே இருந்தவள் அப்படியே எடுத்தாள். கார் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றது. மாடியில் ஈரக் கைகள் தட்டின. எதிர்வீட்டிலும் யாரோ தட்டினார்கள். அந்தத் தெருவில் பல வருடம் குடியிருந்தவர்கள் எல்லோருமே பாதி பயிற்சியாளர்கள் ஆகியிருந்தார்கள்.

அவன் மனைவி சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேலி செய்கிறாள் என்று அவன் முடிவுகட்டினான்.

"சரி, தப்புதான். வேற ஏரியா பாப்போம். 'ஆ'ல கொஞ்சம் சாக்கடை வாடை, அவ்வளவுதான்."

"கொஞ்சம் சும்மா இருங்க," என்று சொல்லிவிட்டு அவள் நேராக ஒரு பயிற்சியாளரிடம் போனாள். "அண்ணே, இப்ப சேந்தா டெஸ்ட்டுக்கு எத்தனை மாசம் ஆகும்?"

"கூட்டம் ஜாஸ்திம்மா. எட்டு மாசமாவது ஆகும்."

திரும்பி வந்தாள். இப்போது சிரிப்பு இல்லை.

"மூணு ஊருலயும் கார் ஓட்டச் சேந்தேன். மூணு தடவையும் டெஸ்ட்டுக்கு முன்னாடி உங்க ஆர்டர் வந்துச்சு."

"நீயா விட்டுட்டேன்னுல்ல நெனச்சேன்?"

"விடல. பாத்திரத்தைப் பேப்பர்ல சுத்திட்டு இருந்தேன்."

6

இங்கே எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. ஒருவனைப் பற்றி நான்கு பக்கம் அப்பாவி அப்பாவி என்றே எழுதிக்கொண்டிருந்தால் எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வர வேண்டும். உட்காரவைத்து விசாரித்தேன். முதல் உத்தரவு தானாக வந்ததுதான். அடுத்த மூன்றும் (இப்போது வந்திருப்பதும் அதில் ஒன்று) இவனே விண்ணப்பித்து வாங்கியவை. அட்டவணை சீர்கெட்ட ஊர் ஒன்று எங்கேயாவது இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அவனுக்குக் கை அரிக்கும். அதைச் சரிசெய்து முடித்ததும் அலுத்துவிடும். வீட்டில் மட்டும், 'ஆர்டர் வந்துடுச்சு, என்ன செய்ய' என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வான்.

அவளுக்கு இது தெரியுமா? எனக்குத் தெரியாது. (என் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்தான். தைரியம் இல்லை.)

ஆகவே முடிவுகள்.

முடிவு ஒன்று: எட்டு மாதம் கழித்து அவள் தேர்வில் வெற்றி பெறுகிறாள், மூவரும் காரில் கடற்கரைக்குப் போகிறார்கள், காற்றில் அவள் கூந்தல்— [இந்தக் காரை நான் எங்கேயோ விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன்.]

முடிவு இரண்டு: அவள் வேண்டாம் என்கிறாள். அவன் தனியே வந்து சேர்கிறான். வேலைக்குப் போகும்போது வாசலிலிருந்து நிறுத்தம் வரை கணக்கெடுக்கிறான். அன்று அளந்தது மூன்று நிமிடம் பத்து விநாடி. இப்போது அவசரப்படுத்த யாருமில்லை, அதனால் நான்கு நிமிடம் ஆகிறது. [இதை எழுதிவிட்டு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.]

முடிவு மூன்று: அவன் எல்லா உண்மையையும் சொல்கிறான், அவள் மன்னிக்கிறாள். [எந்த வீட்டில்?]

7

மிச்சம் இருப்பது நடந்தது மட்டும்தான்.

மணி பதினொன்று ஐம்பது. தரகர் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். ஆடிட்டர் அப்பாவின் அட்டவணையை வாங்கி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து மேலும் கீழும் பார்க்கிறாள்.

"ம்மா, வீடு எனக்கு ஓகே. அந்தத் துணி ஆன்ட்டி சூப்பர்."

"எனக்கும் பிடிச்சுப்போச்சு," என்கிறாள் அவள். அவன் மூச்சு விடுகிறான். அவள் இன்னும் முடிக்கவில்லை. "ஏரியாவப் பத்தி கேள்வியே இல்ல. நீங்க இங்க எத்தனை வருஷம் இருப்பீங்க? அதை மட்டும் சொல்லுங்க. அப்புறம் நாங்க வர்றதா இல்லையான்னு சொல்றேன்."

"ஆபீஸ் ஆர்டர் போட்டா நான் என்ன செய்ய..." என்று அவன் வழக்கமான வாக்கியத்தைத் தொடங்குகிறான். அவள் முகத்தைப் பார்க்கிறான். வாக்கியம் பாதியில்—

"சார்," என்கிறார் தரகர் மெதுவாக, "நேரமாச்சு."

ஊருக்கெல்லாம் நேரம் எழுதிக் கொடுப்பவன் நடுத்தெருவில் நிற்கிறான். அவனைச் சுற்றி எட்டு கார்கள் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன. அவன் சொல்லப்போகும் எண்ணை நான் எழுத முடியாது. சின்ன எண் எழுதினால் அவள் போய்விடுவாள். பெரிய எண் எழுதினால் அவன் செய்வானா என்று நானே நம்பமாட்டேன். அதோடு, நான் எந்த எண்ணை எழுதினாலும் துணி மடிப்பவள் அதை வாசித்து நினைவில் வைத்துக்கொள்வாள்.

உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"________ வருஷம்," என்றான் அவன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பென்சிலில் எழுதாதீர்கள். அவள் மூன்று ஊராகப் பென்சிலில் எழுதியதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.