சிட்டாலி வாய் திறக்காத நாள்

காலை ஏழு மணி லாரியில் சிட்டாலி எழுந்து எனக்கு இடம் கொடுத்தான்.

"உக்காருங்கம்மா," என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

ஆறு வருடமாக ஸாம்பேஸி ஆற்றில் சேர்ந்து வேலை செய்கிறோம். அருவிக்குக் கீழே, பள்ளத்தாக்குக்குள், நான் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி ரப்பர் படகு ஓட்டுகிறேன். அவன் தனியாள் படகில் கூடவே வந்து, தண்ணீரில் விழுகிறவர்களைப் பொறுக்குகிறான். நான் டோங்கா. அவன் லோஸி. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. எங்கே பார்த்தாலும் வம்புக்கு இழுக்கலாம், இழவு வீட்டில்கூட. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அவன் என்னை மாட்டுக்காரி என்பான். என் புருஷன் சோமா ஊரில் மாடுகளோடு இருக்கிறார், வருடத்துக்கு இரண்டு முறை வருகிறார். அவருக்குப் பாசம் மாட்டின்மேலா என்மேலா என்று லாரியில் எல்லோரிடமும் ஓட்டு கேட்பான். நான் அவனை மீன் தலை என்பேன். வெள்ளம் வந்தால் அவர்கள் ராஜா பெரிய படகில் ஏறி மேட்டுக்குப் போவார், மேளத்தோடு. தண்ணீரைக் கண்டு ஓடுவதற்கு இத்தனை மேளமா என்பேன். இது போதாதென்று, நான் லாரியில் ஏறும்போதெல்லாம், "தள்ளி உக்காருங்கடா, என் பொண்டாட்டி வந்துட்டா," என்பான். அவனுக்கு இருபத்தேழு வயது. எனக்கு நாற்பத்து நான்கு.

இன்று "அம்மா".

பூங்கா ஓரத்தில் லாரி நின்றது. நடுரோட்டில் ஒரு பெண் யானை மரக்கிளையை மென்றுகொண்டிருந்தது. பின்புறம் எங்கள் பக்கம். நார்வேயிலிருந்து வந்த ஆறு பேரும் போனைத் தூக்கினார்கள். நான் காத்திருந்தேன். இப்படி ஒரு பின்புறம் கண்ணெதிரே நிற்கும்போது சிட்டாலியால் சும்மா இருக்க முடியாது. அவன் ஹெல்மெட் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், நமக்குத் தெரிஞ்ச யாரோ மாதிரி இல்ல?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"யானைதாம்மா," என்றான்.

பள்ளத்தாக்கில் இறங்கும் பாதை ஒற்றையடி. சில இடங்களில் மர ஏணி. நான் வருவதைப் பார்த்து அவன் பாதையை விட்டு இறங்கினான். படகைத் தோளில் வைத்தபடி, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, நான் கடக்கும்வரை நின்றான். மேலே ஒரு பபூன் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதுவாவது பார்த்தது.

"உங்களை எவ்வளவு மதிக்கிறார்," என்றாள் நார்வே பெண் ஒருத்தி.

"அதான் பயமா இருக்கு," என்றேன்.

போன வருடம் ஃபிரி என்ற வயதான படகோட்டியை ஆற்று வேலையிலிருந்து எடுத்து, அலுவலகத்தில் ஹெல்மெட் கொடுக்க உட்காரவைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் எல்லோரும் அவரை ஐயா என்று கூப்பிட்டார்கள்.

இந்த ஆற்றில் தண்ணீர் பாறைகளுக்கிடையே விழுந்து கொதிக்கும் இடங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பத்தாவதைத் தாண்டி, கறுப்புப் பாறையில் மதியச் சாப்பாடு. வந்தவர்களுக்கு ரொட்டியும் கோழியும். நான் வீட்டிலிருந்து ந்ஷிமா என்ற சோளக்களி உருண்டையும் மீனும் கொண்டுபோவேன். தலையைப் பிய்த்து சிட்டாலி மேல் எறிவேன். பிடித்துத் தின்பான். இன்று எறியக் கையை ஓங்கினால் ஆள் இல்லை. தட்டோடு பெரிய பாறைக்குப் பின்னால் போய்விட்டான்.

முடெண்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களில் மூத்த படகோட்டி. என்னைப் போல டோங்கா.

"அண்ணே, அவனுக்கு என்ன வந்துச்சு?"

அவர் என் தட்டைப் பார்த்தார். "இந்த மீன் எங்க வாங்கின?"

"சிபேகோ கொண்டுவந்தா. சந்தையில வாங்கினாளாம்."

சிபேகோ என் மகள். ஊருக்குள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள்.

"நம்ம சந்தையில ஏது இவ்வளவு பெரிய மீன்? இது மேலாத்து மீன், லோஸிக்காரங்க ஊர்லேர்ந்து வர்றது. தலையோட காய வச்சிருக்கான் பாரு."

"ஒரு மாசமா இதைத்தான் சாப்பிடறோம்."

"ஒரு மாசமா?" மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப நீ பாதி சம்மதிச்சுட்ட மாதிரிதான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவன் பாதையை விட்டு இறங்கினால், முகத்தைத் திருப்பினால், முன்னால் உட்கார்ந்து சாப்பிடாவிட்டால், எங்களிடம் அதற்கு ஒரே பொருள்தான். மாமியார். மருமகன் மாமியார் முகத்தைப் பார்ப்பதில்லை. தொடுவதில்லை. கேலி என்ற பேச்சுக்கே இடமில்லை.

"ஆறு வருஷமா என்னைப் பொண்டாட்டின்னு கூப்பிட்டான், அண்ணே. ஆத்துல இருக்கிற முதலைக்குக்கூடத் தெரியும்."

"அதான் பாறைக்குப் பின்னால உக்காந்து திங்கறான்."

"என் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"அதான் மீன் சொல்லிச்சே."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மருமகன் எங்கும் கிடைப்பான். இப்படி ஒரு வாய் எங்கே கிடைக்கும்.

"போய்ச் சொல்லுங்க," என்றேன். "இன்னைக்குக் கரையேறுற வரைக்கும் நான் பேசுவேன். ஒரே ஒரு தடவை பதில் சொன்னான்னா, அவன் பழைய சிட்டாலி. சிபேகோ கிடையாது. வாயை மூடிட்டு வந்தான்னா, அவங்க ஆளுங்க வந்து பொண்ணு கேக்கட்டும்."

"நீயும் பேசக் கூடாது, தங்கச்சி. மாமியாருக்கும் முறைன்னு ஒண்ணு இருக்கு."

"நான் இன்னும் மாமியார் ஆகல."

"பாவம்டி. தூக்கத்துல பேசுறவன் அவன்."

போனார். பாறைக்குப் பின்னால் அவர் குரல் மட்டும் கேட்டது. திரும்பி வந்தார்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. ஆரம்பிச்சுட்டான்."

பதினோராவதில் நானும் ஆரம்பித்தேன். முடெண்டாவின் படகு முன்னால், என் படகு பின்னால், சிட்டாலி பக்கவாட்டில்.

"டேய், உங்க ராஜா இந்த வருஷம் எவ்வளவு தூரம் ஓடினார்?"

துடுப்பு போட்டான்.

"உங்க ஊர்ல மீன் கிடைக்காத அன்னைக்குத் தூண்டிலை வேகவச்சுத் திம்பீங்களாமே?"

துடுப்பு போட்டான். என்ன சொல்கிறீர்கள் என்று நார்வேப் பையன் கேட்டான். பாராட்டுகிறேன் என்றேன்.

அமைதியான தண்ணீர் வந்தது. செங்குத்துப் பாறையில் ஒரு சின்ன மான் நான்கு கால்களையும் ஒரே இடத்தில் ஊன்றி நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் சிட்டாலியைப் பார்த்தேன். தோற்றுவிடுவான் என்று நினைத்தேன். தோற்கட்டும் என்றும் நினைத்தேன். ஆனால் ஒரு மாதமாக சிபேகோ பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். அதுவும் ஞாபகம் வந்தது.

பதின்மூன்றாவதில் என் நல்ல கேலியை எடுத்தேன்.

"எங்க பாம்புச்சாமி இந்த ஆத்துலதாண்டா இருக்கு. டோங்காவைத் திங்கும், வெள்ளைக்காரனைத் திங்கும். லோஸிக்காரனை மட்டும் துப்பிடும். வாடை தாங்கலையாம்."

தலை திரும்பியது. வாய் திறந்தது. பல் தெரிந்தது. அடுத்த கணம் துடுப்பை வீசி, படகோடு தலைகீழாகக் கவிழ்ந்தான். தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன. நிறைய வந்தன. பிறகு நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பதில் சொன்னான், அண்ணே," என்று கத்தினேன்.

"தண்ணிக்குள்ள சொன்னது கணக்குல வராது," என்று முடெண்டாவின் குரல் வந்தது.

பதினெட்டாவதில் மூன்று அலைகள் அடுத்தடுத்து வரும். மூன்றாவதுதான் ஆளைப் பதம் பார்க்கும். அதற்கு நேராகப் படகின் மூக்கை வைக்க வேண்டும். நான் அடுத்த வசனத்தை யோசித்துக்கொண்டு சிட்டாலி பக்கம் பார்த்தேன். முதல் அலையில் படகு ஒரு கை அளவு விலகியது. இரண்டாவதில் இன்னும் ஒரு கை. மூன்றாவது எங்களை எடுத்துக் கவிழ்த்தது.

உள்ளே இருட்டு. பிறகு வெளிச்சம். கவிழ்ந்த படகின் கயிறு என் கையை விட்டுப் போயிருந்தது. நார்வேக்காரர்களை முடெண்டா ஒவ்வொருவராக இழுத்துப் போடுவது தூரத்தில் தெரிந்தது. நீரோட்டம் என்னை மட்டும் தனியாகக் கொண்டுபோனது.

சிட்டாலி வந்தான்.

அவன் ஆட்களைத் தூக்கும் விதம் எனக்குத் தெரியும். தோள்பட்டையைப் பிடித்து இழுத்து, மீன் மாதிரி படகின்மேல் போட்டுக்கொள்வான். இன்று எட்டும் தூரத்தில் வந்து நின்றான். கை நீண்டது. பாதியில் நின்றது. பிறகு படகைத் திருப்பினான். அதன் வால் என் மூக்குக்கு நேரே வந்தது. வாலில் ஒரு கயிற்று வளையம்.

"பிடிச்சுக்குங்கம்மா," என்றான், எதிரே ஜிம்பாப்வே நாட்டுக் கரையைப் பார்த்து.

அந்தக் கரையைப் பார்த்ததால்தான் முதலையை முதலில் கண்டான். சின்னதுதான். பாறையிலிருந்து சோம்பலாக இறங்கிக்கொண்டிருந்தது. சிட்டாலி எதுவும் சொல்லாமல் எங்கள் கரை நோக்கி வேகமாகத் துடுப்பு போட்டான்.

நான் தொங்கிக்கொண்டு போனேன். ஒரு செருப்பு போய்விட்டது. ஹெல்மெட் ஒரு கண்ணை மூடியிருந்தது. இந்த ஆற்றில் படகு ஓட்டும் ஒரே பெண், லோஸிக்காரனின் வாலைப் பிடித்துக்கொண்டு. ஆறு வருடத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவனுக்கு வந்ததில்லை. அவன் தோள்கள் குலுங்கின. காதுவரை சிரிப்பு ஏறியிருப்பது பின்னாலிருந்தே தெரிந்தது.

"சொல்லித் தொலைடா," என்றேன், தண்ணீரைத் துப்பிவிட்டு. "ஒண்ணே ஒண்ணு. முடெண்டாகிட்ட சொல்ல மாட்டேன்."

தோள்கள் நின்றன. கொஞ்ச நேரம் துடுப்பும் நின்றது.

பிறகு மறுபடி துடுப்பு போட்டான்.

மணலில் என் கால் தட்டியது. வளையத்தை விட்டேன். பாறை சுட்டது. உட்கார்ந்து சட்டையைப் பிழிந்தேன். அவன் படகை ஓரங்கட்டி, எனக்கு முதுகைக் காட்டி, மேலே வட்டமிடும் கருங்கழுகை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குமுன் அவன் கழுகைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"உங்க பெரியவங்க எங்க வீட்டுக்கு வர்றப்ப மீன் கொண்டு வரட்டும்," என்றேன். "தலையை வெட்டிட்டுக் கொண்டு வரட்டும். வீட்டுக்கு ஒரு மீன் தலை போதும்."

கழுகு இன்னொரு வட்டம் போட்டது.

"என்னடா மருமகனே, தொண்டையில முள்ளா?"