காசுபா நிறுத்திய பட்டறை

செத்து, மண்ணுக்குள் இறங்கி, மேட்டின் மேல் பூவும் வைத்தாகிவிட்ட ஒரு மனிதன், மறுநாள் விடியற்காலையில் கிட்வே நகரத்தில் ஒரு பட்டறையையே நிறுத்தினான். இப்படிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்தான். லாரி ஓட்டும் சியாமேயும் எதையும் நம்பாதவர். சூரியன் உதித்தது என்றால், "எவன் பார்த்தான்?" என்று கேட்கிற ஆள்.

பகலில் மின்சாரம் போய்விடும் என்பதால் அங்கே வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கக் கம்பி, கதவுக் கைப்பிடி, பஸ்ஸில் நிற்பவர்கள் பிடிக்கும் தூண் என்று ஊரே தொடுகிற இரும்பெல்லாம் அங்கே வரும். அதன்மேல் செம்பை உருக்கிப் பீய்ச்சுவாள் திசாவுகே. அந்தச் செம்பில் உட்கார்ந்த கிருமி பிழைக்காது. "உட்காரணுமா என்ன? இவ கைப்பிடியத் தூரத்துல கண்டாலே கிருமியெல்லாம் பொண்டாட்டி புள்ளகிட்ட சொல்லிக்கிட்டு செத்துடும்" என்பான் காசுபா.

வழவழப்பான இரும்பில் செம்பு நிற்காது, சில நாளிலேயே உரிந்துவிடும். அதனால் முதலில் இரும்பின் தோலைச் சொரசொரப்பாக்க வேண்டும். அது காசுபாவின் வேலை. அழுத்தக் காற்றோடு எஃகுத் துகளை வாரி அடிக்கும் குழாய் அவன் தோளில் மலைப்பாம்பாய் உதறும். நாலு பேர் பிடிக்க வேண்டிய பாம்பை அவன் ஒற்றைக் கையால் அடக்கி, மறு கையால் இடுப்பைச் சொறிந்துகொள்வான்.

"ஏ எலிதின்னி, செம்பு கோணலா போகுது. காலையில தின்ன எலி இன்னும் செரிக்கலயா?"

"உன் மூஞ்சியப் பாத்துப் பயந்து ஒதுங்குது, குரங்குதின்னி!"

அவன் பெம்பா. அவள் ந்கோனி. பாட்டன் காலத்தில் ஈட்டி வீசிக்கொண்ட இரண்டு இனத்துக்கும் இப்போது இருப்பது கேலி முறை. எதைச் சொன்னாலும் கோபிக்கக் கூடாது. ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர்தான் குழி வெட்டுவார், அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பார், சவப்பெட்டியை வழிமறித்து வரி கேட்பார்.

முதலாளி முண்டியா ஒரு நாள் எஃகுத் துகளை நிறுத்திவிட்டு ஆற்று மணலை இறக்கினார். மணல் மலிவு. தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியையும் அணைத்தார், மின்சாரம் மிச்சமாம். அன்றிலிருந்து காசுபாவின் கூடம் மாவு மில் போல வெளுத்தது. முகத்தில் அவன் கட்டியது பழைய துணி. இருமல் வந்தது. சிரித்தாலும் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோய் இருமல் மட்டும் இருந்தது.

"எல்லாரும் சேந்து போய்க் கேப்போம், சியாமே அண்ணே" என்றாள் திசாவுகே.

"சேந்தா? முன்ன ஒரு தரம் சேந்தோம், தாயி. மத்தியானம் திரும்பிப் பாத்தேன். நானும் என் நிழலும்தான் நின்னோம்."

காசுபாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அவன் விரல்கள் கட்டில் கம்பியைப் பற்றியிருந்தன.

"இது நம்ம கம்பி, திசாவுகே. எஃகுத் துகள்ல அடிச்சது. தொட்டுப் பாரு, இன்னும் உரியல."

"பேசாத, குரங்குதின்னி."

"கிருமி ஒண்ணும் என்னை அண்டலயாம். டாக்டர் சொல்றாரு. நெஞ்சு பூரா மணலாம்."

ஒரு பெரிய ஆற்றின் இரண்டு கரையும் கொள்ளாத அளவு வசவு வைத்திருந்தவள், அவன் விரல்களின் மேல் தன் கையை வைத்தாள். மறுநாள் அவன் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தவள் அவன் மனைவி.

இடுகாட்டில் திசாவுகே பெட்டிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"இந்தச் சோம்பேறிய விட மாட்டேன்! வேலைக்கு டிமிக்கி குடுக்கத்தான் பெட்டிக்குள்ள படுத்திருக்கான். வரி எங்க?"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே மேலும் அழுதார்கள். முண்டியா முன்னே வந்து ஒரு நோட்டை நீட்டினார்.

"காசு வேணாம், பாஸ். மணல அள்ளுங்க, விசிறியப் போடுங்க. அதான் வரி."

"சாவு நடக்கிற எடத்துல பட்டறைப் பேச்சு எதுக்கு?"

"சாவ மட்டும் பட்டறையில நடத்தலாமா?"

முண்டியா பலமாகச் சிரித்தார்.

"கேலி முறைக்காரிய மிஞ்ச முடியுமா! நான் கோபிக்க மாட்டேன்பா, கேலிதானே" என்று நோட்டை அவள் காலடியில் வைத்துவிட்டுக் காருக்கு நடந்தார்.

அவள் சொன்னதையெல்லாம் அந்தச் சிரிப்பு கேலியாக்கிவிட்டது. திசாவுகே படுத்தே கிடந்தாள். காசுபாவின் மனைவி வந்து தோளைத் தொட்டு, "எந்திரி. வெயில் ஏறுது. அவனால தாங்க முடியாது" என்றாள். எழுந்தாள். நோட்டு அங்கேயே மண்ணில் கிடந்தது.

மறுநாள் இருட்டில் எல்லாரும் பட்டறைக்கு வந்தார்கள். காசுபாவின் குழாய் கொக்கியில் தொங்கியது.

"நீ எடு" என்றார் முண்டியா, மெருகு போடும் ஞாண்டுவிடம்.

ஞாண்டு திசாவுகேயைப் பார்த்தான்.

"அது காசுபா எடம், பாஸ்" என்றாள் அவள். "நேத்து அவனுக்கு யாரும் வரி கட்டல. வரி கட்டாமப் புதைச்சா அவன் போனதா கணக்கில்ல. வேலையிலதான் இருக்கான்."

"கேலி போதும்!"

"கேலிதான் பாஸ். கோபிக்கக் கூடாது."

ஞாண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இருக்கிற ஆளோட குழாய நான் எப்படி எடுப்பேன்?" முண்டியா அடுத்தவரைக் கேட்டார். "காசுபா கோச்சுக்குவான் பாஸ்." பெம்பாவும் ந்கோனியும் ஒரே பதில் சொன்னார்கள். சொரசொரப்பாக்காத இரும்பில் செம்பைப் பீய்ச்ச முடியாது. பீய்ச்சாத கம்பியை லாரியில் ஏற்ற முடியாது. பட்டறை முழுதும் அசைவற்று நின்றது. யார் முகத்திலும் சிரிப்பில்லை. சிலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை புது ஆளுங்கள எறக்குவேன். ஒருத்தனுக்கும் வேலை இருக்காது!" முண்டியா வாசல் பக்கம் திரும்பினார். லாரிச் சாவியோடு சியாமே நின்றிருந்தார். "யோவ் சியாமே, நீ எதையும் நம்பாதவன். கண்ணால பாத்ததத்தான் சொல்லுவ. சொல்லு, இந்த வேலைய நிறுத்தினது யாரு? பேரச் சொல்லு."

சியாமே கூடத்துக்குள் பார்த்தார். எல்லாரையும் பார்த்தார். ஒருவர்கூட நழுவியிருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, திசாவுகேயின் பக்கத்தில் போய் நின்றார்.

"காசுபாதான், பாஸ். நானே பாத்தேன்."