மலைக்கு உள்ளே ஒருவர், மேலே ஒருவர்

குமரகுரு பிள்ளையார்பாளையத்தில் நான்கு பட்டுத் தறி வைத்திருப்பவர். அவர் மனைவி அகிலா பள்ளியில் புவியியல் ஆசிரியை. சூரிச்சில் வேலை பார்க்கும் மகள் காயத்ரியைப் பார்க்க இருவரும் முதன்முறையாக வெளிநாடு கிளம்ப இருந்தார்கள். அங்கிருந்து ஒரு நாள் தெற்கே லுகானோ ஏரிக்குப் போவதென்று முடிவாயிற்று. எந்த ரயிலில் என்பதுதான் முடிவாகவில்லை.

காயத்ரி போனில் இரண்டு வழி சொல்லியிருந்தாள். புது வழி, ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் ஐம்பத்தேழு கிலோமீட்டர் சுரங்கம், சீக்கிரம் போய்விடலாம். பழைய வழி மலைமேல் வளைந்து வளைந்து ஏறும். ஒரு மணி நேரம் கூடப் பிடிக்கும்.

வருஷாவருஷம் கரும்பலகையில் வரைந்த மலை என்பதால் அகிலாவுக்குச் சந்தேகமே இல்லை. "அவ்ளோ தூரம் போயி இருட்டுல உக்காந்துக்கினு வரணுமா?" என்றாள்.

குமரகுருவோ சுரங்கம் வெட்டிய வீடியோவைத் தறிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டி முடித்திருந்தார். "ரெண்டு பக்கமும் கொடஞ்சிக்கினே வந்து நடுவுல சேத்திருக்கான்மா. கோர்வை போட்டு பொடவைக் கரையையும் உடலையும் சேக்கறோமே, அந்த மாதிரி, பிசிறே இல்ல."

தறிக்கூடம் இரண்டாகப் பிரிந்தது. நெசவாளி துர்கா மலையின் பக்கம், மாணிக்கவேல் சுரங்கத்தின் பக்கம். பெட்டி கட்டும் நாள் வரை பேச்சு ஓயவில்லை. அன்று புடவைகளை மடித்துக்கொண்டிருந்த அகிலா சட்டென்று நிமிர்ந்தாள்.

"நீங்க உங்க ரயில்ல வாங்க, நான் என் ரயில்ல வர்றேன். பெல்லின்சோனான்னு ஒரு ஸ்டேஷன்ல ரெண்டும் நிக்குது. அங்க பாத்துக்கலாம்."

குமரகுரு திகைத்துப்போனார். மொழி தெரியாத ஊரில் தனியாகவா என்று கேட்டார். ஜன்னலோரம் உட்கார மொழி எதற்கு என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே நெஞ்சு படபடத்தது. பயமில்லை, சுற்றுலாவுக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்கு வருமே, அது.

சூரிச்சில், காயத்ரி அலுவலகம் போகும் வழியில் இருவரையும் தனித்தனி ரயிலில் ஏற்றிவிட்டாள்.

சுரங்கத்தில் நுழைந்ததும் குமரகுருவுக்குக் காது அடைத்தது. பெட்டியிலிருந்த திரையில் வேகம் இருநூறைத் தொட்டது. தலைக்கு மேல் எவ்வளவு பெரிய மலை என்று அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டார். எதிரே இருந்தவர் செய்தித்தாளை விட்டு நிமிரவே இல்லை. இந்த இடத்தில் ஒரு மனிதரால் எப்படிப் படிக்க முடிகிறது என்று குமரகுருவுக்கு விளங்கவில்லை.

அகிலா ஓரிடத்தில் உட்காரவில்லை. வாசன் என்ற ஊரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் மேலே தெரிந்தது. ரயில் மலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தபோது அதே தேவாலயம் நேர் எதிரே இருந்தது. இன்னொரு சுற்றுக்குப் பின் கீழே கிடந்தது. அவளை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அருகில் நின்ற பெண்மணி புன்னகையுடன் ஜன்னலை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

பெல்லின்சோனா நடைமேடையில் குமரகுரு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அகிலா இறங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"மொதல்ல நான் சொல்றத கேளும்மா."

"நீங்க கேளுங்க. கோயில சுத்தற மாதிரி சுத்திக்கினே ஏறுதுங்க."

ஏரிக்குப் போகும் ரயில் எதிர்மேடைக்கு வந்து, நின்று, புறப்பட்டும் போனது. இருவருமே கவனிக்கவில்லை.