இரண்டாம் கம்பியின் எழுத்து

நான்காம் சீர் உதிர்ந்த செய்யுளடியைப் போல அப்பாவின் கார் நொண்டிக்கொண்டிருந்தது. மூன்று துடிப்பு, ஒரு வெற்றிடம். மறுபடியும் மூன்று துடிப்பு, ஒரு வெற்றிடம். நான்கு சிலிண்டர்களில் ஒன்று எரியவில்லை என்பதை அறியக் காது ஒன்றே போதும். எது எரியவில்லை, ஏன் எரியவில்லை என்பதற்குத்தான் மெக்கானிக் வேண்டும்.

மணி பத்தேகால். ஒன்று நாற்பதுக்கு அக்காவின் ரயில். கணவர் மறைந்தபின் பதினோரு ஆண்டுகள் என்னோடு இருந்தவள், இனி மகன் வீட்டில் இருக்கப்போகிறாள். அவளுடைய முழங்கால்களுக்கு எங்கள் வீட்டுப் படிகள் ஒத்துவரவில்லை. திரும்பி வரும் பயணமன்று என்பது இருவருக்கும் தெரியும்; ஆகவே இருவரும் அதைப் பேசவில்லை. முந்தின வாரம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"டாக்சி எல்லாம் வேணாம்டி. அப்பா வண்டியிலதான் போவேன். முன் சீட்டுல உக்காந்து போவேன்."

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதின்மூன்று. அதே ஆண்டுதான் அம்மா படுக்கையில் விழுந்தார். அக்காவின் பள்ளிப் படிப்பும் அத்துடன் நின்றது. காலைதோறும் அப்பா என்னை முன் இருக்கையில் அமர்த்திப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். அக்கா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்து கேட்டைச் சாத்துவாள். பின்னாளில் அவள் அந்தக் காரில் ஏறியதெல்லாம் பின் இருக்கையில்தான். நான் அதைக் கவனித்ததில்லை. அவள் கேட்ட பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.

மெக்கானிக்கை எங்கள் தெரு 'புகை' என்று அழைக்கும். வண்டி விடும் புகையின் நிறத்தைக் கொண்டே நோயைச் சொல்லிவிடுவாராம். எனக்கு அந்தப் பெயர் மரியாதையாகப் படாததால் 'மெக்கானிக்' என்றுதான் அழைப்பேன். ஐம்பது வயதுக்காரர், வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது.

"கார்புரேட்டர்ல அடைப்பு இருக்குமோ?" என்று கேட்டேன்.

"கார்புரேட்டர் நாலு பேருக்கும் ஒரே சமையல்காரன்மா. சாப்பாடு கெட்டிருந்தா நாலு பேரும் படுத்திருப்பாங்க. இங்க ஒருத்தர் மட்டும் படுத்திருக்காரு."

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தடித்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, ரேடியேட்டர் பக்கமிருந்து பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினார். முதல் கம்பியை உருவியதும் எஞ்சின் இன்னும் மோசமாகக் குலுங்கியது. "இவரு வேலைக்காரரு" என்று திரும்ப மாட்டினார். இரண்டாவதை உருவினார். ஒரு மாற்றமும் இல்லை. இருந்த நொண்டல் இருந்தபடியே இருந்தது.

"அகப்பட்டாரு. வேலைக்கு வராமலே சம்பளம் வாங்கினவரு இவருதான்."

எஞ்சினை நிறுத்தி இரண்டாவது பிளக்கைக் கழற்றினார். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"சாப்பாடு ஒழுங்கா வந்திருக்கு. அடுப்புதான் பத்தல." பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். தலைமுடி போன்ற ஒரு விரிசல். தீப்பொறி உள்ளே போகாமல் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது.

"நாலையுமே மாத்திடலாம்மா. ஒவ்வொண்ணா கழட்டி ஒவ்வொண்ணா மாட்டிடறேன்."

இங்கேதான் நான் குறுக்கிட்டேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். ஒரு பக்கத்தை அரைகுறையாகத் திருத்தி அடுத்த பக்கம் போவது எனக்கு ஆகாது. "அதெல்லாம் வேண்டாம். நாலையும் கழட்டுங்க, குழிகளைத் துடைங்க, புதுசை வரிசையா வைங்க. கம்பியிலதான் எழுத்து இருக்கே."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னபடியே நான்கையும் கழற்றினார்.

கம்பிகளில் எழுத்து இருந்தது உண்மை. கார் வந்த புதிதில், பிஸ்கட் டப்பாத் தகரத்தை நகத்தளவுக்கு வெட்டி, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, கம்பிக்கு ஒன்றாக அக்கா கட்டிவைத்த தகடுகள் அவை. கம்பிகள் எத்தனையோ முறை மாறின. ஒவ்வொரு முறையும் பழைய கம்பியின் தகட்டைக் கழற்றிப் புதியதில் கட்டுவது அப்பாவின் வழக்கம்; அவருக்குப்பின் நான் கூடவே நின்று செய்வித்த வழக்கம். க, ங, ச என மூன்று தகடுகள் இருந்தன. நான்காவது கம்பிக்குத் தகடு இல்லை.

புதிய பிளக்குகளை முறுக்கி முடித்துவிட்டு மெக்கானிக் கேட்டார்: "இது என்ன வரிசைம்மா? கம்பி நீளத்தை வச்சுச் சொல்லலாம்னா எல்லாம் ஒரே நீளமா இருக்கு."

"க, ங, ச, ஞ. மெய்யெழுத்து வரிசை. ஞ மட்டும் எங்கேயோ விழுந்திருக்கு. எழுத்தில்லாத கம்பி நாலாவதுக்கு."

"இல்லம்மா, எஞ்சின் அந்த மாதிரி வரிசையா..."

"கம்பிகள் கிளம்புற, தீப்பொறியைப் பங்கு போடுற மூடியைப் பாருங்க. சுத்தி வரும்போதே க, ங, ச, அப்புறம் வெறும் கம்பி. வரிசை எங்கே தப்புது? எழுத்து விஷயத்துல என்னோட வாதம் வேண்டாம்."

"சரிங்கம்மா. எழுத்து உங்களது, வெடி என்னது" என்று சொல்லி, க-வை முதல் பிளக்கிலும் ங-வை இரண்டாவதிலும் ச-வை மூன்றாவதிலும் வெறும் கம்பியை நான்காவதிலும் செருகினார்.

சாவியைத் திருப்பியது நான்தான். எஞ்சின் உறுமவில்லை, கார்புரேட்டர் வாய் வழியாகப் படீரென்று ஒரு வெடிச்சத்தம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் வெடி, கூடவே கரும்புகை. மெக்கானிக் முகத்திலிருந்து புகையை விசிறிக்கொண்டார்.

"முன்னாடி ஒருத்தருதான் படுத்திருந்தாரு. இப்ப மூணு பேரு சேர்ந்து சண்டை போடுறாங்கம்மா."

"பிளக் சரியில்லையோ என்னவோ."

"பிளக் புத்தம்புதுசு. வண்டிக்கு இலக்கணம் பிடிக்கல, அவ்வளவுதான்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "இனிமே எந்த எழுத்தையும் நம்ப முடியாது. கையால எஞ்சினைச் சுத்தி, முதல் சிலிண்டர் எப்போ மூச்சை அடைக்குதுன்னு பார்த்து, அங்கேயிருந்து ஆரம்பிக்கணும். ஒரு மணி நேரமாவது ஆகும்."

மணி பன்னிரண்டரை. ஸ்டேஷன் அரைமணி தூரம். டாக்சிக்குச் சொல்லிவிடலாம் என்று நான் தொலைபேசியை எடுப்பதற்குள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அக்கா வெளியே வந்துவிட்டாள்.

"என்னடி இது, வீட்டுக்குள்ள இருந்தா குண்டு போடுற மாதிரி கேக்குது?"

"கம்பி மாட்டுறதுல ஏதோ குழப்பம். நீ குத்தின தகடுதான் அக்கா. க, ங, ச, ஞ. ஞ விழுந்து போச்சு, அதனால..."

"ஞ-வா?" அக்கா கைத்தடியை மட்கார்டில் சாய்த்துவிட்டு எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஞ நான் எங்கடி போட்டேன்? இது எழுத்தே இல்ல. எண்ணு. க ஒன்னு, உ ரெண்டு, ங மூணு, ச நாலு. அப்பாவோட பழைய புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தானே போட்டிருக்கும்? அதைப் பார்த்துத்தான் குத்தினேன்."

மெக்கானிக்கின் விரல் மூடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. "ஒன்னு... மூணு... நாலு... வெறும் கம்பி ரெண்டு." நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். "ஒன்னு மூணு நாலு ரெண்டு! இந்த எஞ்சின் வெடிக்கிற வரிசையே அதுதானே! பெரியம்மா, நீங்க என் கடைக்கு வந்துடுங்க."

"முழங்கால் விட்டா வந்துடுவேன்" என்றாள் அக்கா.

பழைய தமிழ் எண்களை அறியாதவளா நான்? அவற்றில் பக்க எண் இட்ட எத்தனையோ நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். ஒன்று க-வைப் போலவும், இரண்டு உ-வைப் போலவும், மூன்று ங-வைப் போலவும், நான்கு ச-வைப் போலவும் இருக்கும் என்று அச்சகத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! இந்தத் தகடுகளைப் பற்றி ஒன்பது வயதில் எடுத்த முடிவை மட்டும் ஒருமுறைகூட மறுபார்வை பார்க்கவில்லை.

"அந்த உ எப்படி அக்கா விழுந்தது?"

"விழுந்துதா?" அவள் சிரித்தாள். "நல்ல கதை. நீதான்டி பிச்சு எறிஞ்ச. 'க-வுக்கு அப்புறம் உ வருமா? ஸ்கூலுக்குப் போகாதவ எழுதினா இப்படித்தான்'னு சொல்லிப் பிச்சுக் கிணத்துல போட்ட."

எனக்கு நினைவு வந்தது. தகரத்தின் ஓரம் விரலைக் கீறியதும், கிணற்றில் விழுந்தபோது சத்தமே கேட்காததும் நினைவு வந்தன.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? 'அவகிட்ட சொல்லட்டுமா'ன்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். நீ தப்புன்னு தெரிஞ்சா ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்ட. உனக்கு ஊட்டி விடுறதும் அப்ப என் வேலைதான்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு வேண்டுமென்றே நிதானமாகக் கம்பிகளை மாற்றிச் செருகினார். வெறும் கம்பி இரண்டாவதுக்குப் போயிற்று. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒருமுறை இருமி, பிறகு நான்கு சீரும் பிசகாமல் ஓடத் தொடங்கியது.

அக்கா முன் இருக்கையில் ஏறினாள். கதவை நான் சாத்தினேன்.

"பள்ளிக்கூடத் தெரு வழியா போடி."

"சுத்து வழி அக்கா. நேரமாயிடும்."

"அஞ்சு நிமிஷம்தானே. போ."

போனேன். பள்ளியின் கேட் பூட்டியிருந்தது, விடுமுறை நாள். அக்கா என் பக்கம் கையை நீட்டி ஹார்னை ஒருமுறை நீளமாக அழுத்தினாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "சரி, போ" என்றாள்.

ஸ்டேஷனில் பெட்டிகளை ஏற்றிய பிறகு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அக்கா, அந்தத் தகடு..." என்று தொடங்கினேன். வாக்கியம் முடியவில்லை. முடியாத வாக்கியத்தோடு நான் முதல்முறையாக நின்றது அன்றுதான்.

"அதை விடுடி. ரயில் பெட்டி எண்ணைச் சரியாப் பார்த்தியா? எழுத்துன்னு நினைச்சு வேற ஊருக்கு ஏத்தி விட்டுடாத."

ரயில் கிளம்பியபோதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வீடு திரும்பியதும் பிஸ்கட் டப்பா மூடி ஒன்றை எடுத்து நகத்தளவுக்கு வெட்டினேன். ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். நேர்க்கோடு வந்துவிடும், உ-வின் சுழிதான் வராது. முதல் தகட்டில் புள்ளிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதில் சுழி கோணலாக வந்தது. பதின்மூன்று வயதில் அக்கா குத்தியவை மூன்றும் எஞ்சின் எண்ணெய்க்கு அடியிலும் ஒழுங்காகவே இருந்தன.

கோணலானதையே இரண்டாம் கம்பியில் கட்டினேன்.