திறக்கக் கூடாத சேனல்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்குப் புரியவைக்க ஒரே வழிதான் இருந்தது. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம், ராகு காலம் போடுகிறார்களே, அதுமாதிரி என்று சொல்லிவைத்தேன். அம்மா அதை எங்கள் மண்ணூர்பேட்டை முழுக்கப் பரப்பியதில், பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் கல்யாணத்துக்கு நாள் குறிக்க என்னைத் தேடி வந்துவிட்டார்.

வேலை இதுதான். கடல் தாண்டி ஒரு நாட்டில், கிலோமீட்டர் கணக்கில் நீளமான குழாய்களுக்குள் லேசர் ஓடும் ஒரு கருவி இருக்கிறது. எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதிக்கொண்டால், அந்த அதிர்வு ஈர்ப்பலையாகப் பூமியைக் கடக்கும்போது, குழாய்களின் முனையில் தொங்கும் கண்ணாடிகள் துளியிலும் துளியாக அசையும். ஆனால் அந்தப் பாழாய்ப்போன கண்ணாடிகள் லாரி போனாலும் அசையும், காற்றடித்தாலும் அசையும். எது வானத்திலிருந்து வந்தது, எது வாசலில் போன லாரி என்று பிரித்து, இந்த நேரத்துத் தரவு நல்லது, இது குப்பை என்று நான் குறிக்க வேண்டும். அங்கே ராத்திரியாக இருக்கும்போது இங்கே பகல் என்பதால், எங்கள் குழு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து என்னையும் நிஷாவையும் உட்காரவைத்திருந்தது.

நிஷா நாமக்கல்காரி. பிஎச்டியிலிருந்து என்னோடுதான். கருவியின் அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. காலையில் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்பில் நடுத்துண்டு அவளுக்குப் போய்விடும், பெற்ற மகள் நான் வாலைத் தின்பேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, எப்போதாவது ஒரு பொய் அலையை உள்ளே விடுவார்கள். நிஜ அலை வந்தால் எப்படி அசையுமோ அப்படியே கணினி வழியாகக் கண்ணாடியைத் தள்ளிவிடுவார்கள். இரண்டே பேருக்குத்தான் அது தெரியும், யார் அந்த இரண்டு பேர் என்பதும் ரகசியம். கருவியில் நடக்கும் ஒவ்வொன்றும் தனித்தனித் தரவுத் தடமாகப் பதிவாகும், அதைச் சேனல் என்போம். அந்தத் தள்ளலைப் பதிவு செய்யவும் ஒரு சேனல் உண்டு. அதற்குப் பூட்டு கிடையாது. திறக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தை மாதத்தில் ஓர் அலை வந்தது. திரையில் அது வளைந்து மேலேறியதைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். டெஸ்டாக இருக்குமோ என்று நிஷாவிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றாள். அதில் தப்பில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் நான் மனுஷியாக இல்லை. நில அதிர்வு, காற்று, மின்சாரம், கடலலை என்று ஆயிரக்கணக்கான சேனல்களைத் தோண்டினேன். அன்றைக்குப் பனி அள்ளும் வண்டி வளாகத்துக்குள் வந்ததா என்று கேட்டுக் கேட்டு அங்கிருக்கும் இன்ஜினியரின் உயிரை எடுத்தேன். தொடாதது அந்த ஒரு சேனலைத்தான். திறந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வாக்குக் கொடுத்தோமே என்று விட்டுவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இதற்கு நடுவில்தான் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் பௌதிக ஆசிரியர் வேலை கிடைத்தது. நிரந்தர வேலை. இங்கே என் ஒப்பந்தம் வருஷக் கடைசியோடு முடிகிறது. உடனே வந்து சேர வேண்டும், காத்திருக்க மாட்டோம் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அம்மா பிள்ளையார் கோவிலில் தேங்காயே உடைத்துவிட்டாள். நான் நிஷாவிடம் போனேன். இந்த அலை நிஜமென்றால் அதைச் சரிபார்த்தவள் என்று என் பெயர் நிற்கும், எந்தக் கல்லூரியும் பிறகு என்னைக் கூப்பிடும். பொய்யென்றால் இதுவும் போய் அதுவும் போய் நடுத்தெருவில் நிற்பேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாத லோகா. இப்ப விட்டுட்டுப் போனா வாழ்நாள் பூரா வருத்தப்படுவ."

வேண்டாம் என்று கல்லூரிக்குச் சொல்லிவிட்டேன். அந்த வாரமே வேறு ஒருத்தரைச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நேற்று சாயங்காலம் மொத்தக் குழுவும் வீடியோவில் கூடியது. என் அறிக்கையைத் தலைவர் படித்துக் காட்டினார், ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, இது டெஸ்ட் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அதுவும் வழக்கம்தான். கண்ணாடியைத் தள்ளிய இருவரின் பெயரைச் சொன்னார். இரண்டாவது பெயர் நிஷா.

அவள் எனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் கணினியை அணைத்தேன்.

"வாக்குக் கொடுத்திருந்தேன் லோகா" என்றாள். "எப்படிச் சொல்றது?"

"டெஸ்டா இல்லியான்னு நீ ஏன் சொல்லலன்னு நான் கேக்கல. காலேஜுக்குப் போவட்டுமான்னு கேட்டேன். போன்னு ஒரு வார்த்தை சொன்னா எந்த ரகசியம் ஒடையும்? அட, எனக்குத் தெரியாது, நீயே முடிவு பண்ணிக்கன்னாவது சொல்லிருக்கலாம்ல?"

அவள் மேஜையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ போயிருந்தா தரவைப் பாக்க ஆள் இல்ல. டெஸ்ட் பாதில நின்னுருக்கும். இதுக்கு ரெண்டு வருஷமா தயார் பண்ணினோம்."

ஆக, அவளுக்கு டெஸ்ட் முடிய வேண்டும், அதற்கு நான் வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளே, அந்தக் கையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எஸ்டேட்டிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அலை பொய் என்றேன், நாங்கள் விழிப்பாக இருக்கிறோமா என்று பார்க்க எங்கள் ஆட்களே விட்டது என்றேன், அதை நம்பிக் கல்லூரி வேலையும் போயிற்று என்றேன். அம்மா திட்டவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த கையை அப்படியே தண்ணீரில் வைத்தபடி கேட்டாள்.

"நிஷாவுக்குமா தெரியாது?"

தெரியும் என்று சொல்லியிருந்தால் அம்மா அவளை நார் நாராகக் கிழித்திருப்பாள், எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷம் கூடவே இருந்தவள் தெரிந்தே எனக்கு இப்படிச் செய்தாள் என்று என் வாயால் சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது.

"தெரியாதும்மா" என்றேன்.

அம்மா பெருமூச்சு விட்டாள். "பாவம், அதுவும் ஏமாந்துகினு கீது. ஊர் உட்டு ஊர் வந்த பொண்ணு, தனியா குந்திகினு அழுவும். போன் போட்டுக் கூப்புடு, சோறு ஆவறதுக்குள்ள வந்துரட்டும்."