போர்வையின் ஓரம்

என் மாமியார் தன்னுடைய பழைய நூல் புடவைகள் ஆறை அடுக்கி வைத்துத் தைத்த போர்வை அது. அது இல்லாமல் என் வீட்டுக்காரர் ஒரு நாளும் தூங்கியதில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் அவருக்கு வலப்பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போனது. நெசவுக்குப் பட்டு கொடுக்கும் முதலாளி எங்கள் முள்ளிப்பட்டுக்கு வந்து, இவர் தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பாவு நூலை அறுத்துக்கொண்டு போனார். மிஞ்சியது இடது கை ஒன்றுதான். அந்தக் கையாவது சும்மா இருந்ததா? பொழுது விடிந்தால் போர்வை ஓரத்தைப் பிடித்து நூல் நூலாக உருவுவதே வேலை.

"இன்னாங்க இது, கைக்கொழந்த மாரி? ஒரே பேஜாரா போச்சு ஒங்களோட. இதுவும் கந்தலாப் போச்சுன்னா எத்தப் போத்திகினு தூங்குவீங்க?"

பேச முடியாத மனுஷனிடம் இப்படிக் கத்துவேன். என் வாய் அப்படி.

மார்கழிக்குள் ஓரம் நாலு விரல் அகலத்துக்குக் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கியது. நடுவிலும் ஓட்டைகள். குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பளி போர்த்தினால் தள்ளிவிடுவார். இந்தப் போர்வை போய்விட்டால் இவர் தூக்கமும் போய்விடும், எப்படியாவது இதைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. ஆரணிக்குப் போய்க் கெட்டியான காடாத்துணி வாங்கிவந்தேன். ஓரத்துக் குஞ்சத்தையெல்லாம் கத்தரித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஓட்டைகளுக்கு என் புடவையைக் கிழித்து ஒட்டுப் போட்டேன். நாலு பக்கமும் காடாப் பட்டை வைத்து, இரட்டை நூலில் நெருக்கித் தைத்தேன். மூன்று நாள். விரலெல்லாம் ஊசிக்குத்து.

"இப்ப உருவுங்க பாக்கலாம்" என்று போர்த்திவிட்டேன்.

கண்ணமங்கலத்தில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் சின்னக்கண்ணு அன்று அண்ணனைப் பார்க்க வந்திருந்தாள். அவர் கை பட்டையைத் தடவிக்கொண்டே போனது, திரும்பி வந்தது. நகத்தால் கீறினார். தொண்டையில் ஏதோ சத்தம் எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெறும் காற்றை உருட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணி, அண்ணன் பாவு பிணைச்சிகினு கீது" என்றாள்.

"இன்னாடி ஒளர்ற?"

"கையப் பாருங்க அண்ணி. ரெண்டு நூலச் சேத்து முறுக்குது, தெரியல?"

எனக்கா தெரியாது! பழைய பாவு தீர்ந்ததும், அதன் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. இருபது வருஷம் எதிரே உட்கார்ந்து அவரோடு பிணைத்தவள் நான். அவர் போர்வையைப் பிய்க்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தார். அந்த வேலையைத்தான் நான் கத்தரித்து அடுப்பில் போட்டேன். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அதோடு விட்டேனா? பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாளிடம் ஓடி, தறியில் வெட்டிப்போட்ட பட்டு இழை ஒரு கைப்பிடி வாங்கிவந்தேன். போர்வை ஓரத்தில் வரிசையாக வைத்துத் தைத்தேன். கொட்டாங்குச்சியில் சாம்பல் சலித்து அவர் கைப்பக்கம் வைத்தேன்.

"இந்தாங்க, நெஜப் பட்டு. பிணைங்க."

பட்டு இழையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. விரலைச் சாம்பலில் தொட்டார். எவ்வளவு பதமாகத் தொட்டார், என் ராசா! இரண்டு இழையை எடுத்து முறுக்கி விட்டார். பிரிந்துகொண்டது. மறுபடி முறுக்கினார். பழம்புடவை நூல் போலப் பட்டு முரடு இல்லையே, இடது கைக்கு அடங்கவில்லை. மூன்றாவது தடவை இழை அறுந்தது. சின்னக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் முறுக்கித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்து அழுதார். விழுந்த நாளிலிருந்து அன்றுதான் அழுதார். பிறகு கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"தெரியாம பண்ணிட்டேங்க. பழசையே பிரிச்சித் தரேங்க, இருங்க."

காடாப் பட்டையை அறுத்து, உள்ளேயிருந்த பழைய நூலை உருவித் தொங்கவிட்டேன். கையை எடுத்து அதன்மேல் வைத்தேன். உள்ளே இழுத்துக்கொண்டார். மறுநாள் வைத்தேன். அதற்கு மறுநாளும் வைத்தேன். பொங்கல் வரைக்கும் பார்த்துவிட்டு, வேறென்ன செய்ய, பட்டையை மறுபடி தைத்து மூடினேன்.

இரண்டு வருஷம் ஆகிறது. இன்றும் அவர் போர்த்திப் படுத்திருக்கும் போர்வையில் ஒரு நூல் பிரியவில்லை. போன வாரம் வந்த ஒருத்தி, "புத்சு மாரி வெச்சிகீறியே ஆதிலட்சுமி" என்றாள். அவளை வாயில் வந்தபடி திட்டி அனுப்பினேன்.